பயில்வானின் விலாவும் நானும்

ஒரு எக்ஸ்ரே அறையில் நான் பாஸ்பர் தகடாக இருந்தேன். கதிர் விழுந்தால் எலும்பின் படம் என்மேல் தங்கும். கணினி அதைப் படித்ததும் அழிக்கும் விளக்கு பளிச்சென்று எரிந்து என்னைத் துடைத்துவிடும். அப்புறம்தான் அடுத்த ஆள்.

ஒருநாள் ஒரு பயில்வானின் நெஞ்சுப் படம் விழுந்தது. அந்த விலா வரிசையை ஏதோ நானே வரைந்தது போல எனக்கு நினைப்பு.

“அண்ணே, இதை மட்டும் விட்டுடுங்க” என்றேன் விளக்கிடம்.

“எல்லாத் தகடும் இதையேதான் கேக்குது” என்று அலுத்துக்கொண்டே அது அரைகுறையாகத் துடைத்தது.

அடுத்து வந்தவர் ஒல்லியான தையல்காரர். படத்தில் அவருக்கு இரண்டு வரிசை விலா. டாக்டர் அரண்டுபோனார். டெக்னீஷியன் ஜெசிந்தா என்னை முறைத்தாள்.

“இன்னொரு தடவை துடைச்சிட்டு, ஆளே இல்லாம ஒரு படம் எடுக்கிறேன். ஏதாவது நிழல் தெரிஞ்சா இது குப்பைக்குத்தான்.”

“அண்ணே, மொத்தமா அழிச்சிடுங்க” என்று கெஞ்சினேன்.

“அப்போ பயில்வான்?”

“எந்தப் பயில்வான்?”

விளக்கு சிரித்துக்கொண்டே எரிந்தது.

சோதனைப் படத்தை ஜெசிந்தா உற்றுப் பார்த்தாள். “அருமை. இதுல ஒண்ணுமே இல்ல.”

என் வாழ்நாளில் யாரும் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.