இடக்கையிடம் வந்த பந்து

தமயந்தியின் இடக்கைக்கு நடந்தது அநியாயம்தான். இருபது வருஷமாகத் திருநீறு வாங்கக்கூட விடாமல் ஒதுக்கி வைத்துவிட்டு, வலக்கைக்குத் தோள் பிசகியதும், "நாளைக்கு கிரிக்கெட் மேட்ச், நீ பந்து போடு" என்றால் என்ன நியாயம்?

சரி என்று போட்டுப் பார்த்தது. முதல் பந்து தமயந்தியின் காலடியிலேயே குத்தியது. அடுத்தது பயிற்சி வலையைத் தாண்டிப் பறந்தது. இடக்கைக்கு ஒன்றுமே பிடிபடவில்லை.

"பந்தை எப்போ விடணும்னு சொல்லித் தொலையேன், மகராசி!" என்று கட்டுக்குள் கிடந்த வலக்கையிடம் கத்தியது.

"அது தானா வரும்."

"எனக்கு வரலையே! இத்தனை விக்கெட் எடுத்தியே, எதைப் பார்த்து விட்டே?"

வலக்கை கட்டுக்குள்ளேயே விரல்களை மடக்கி, பந்தை விடுவதுபோல் விரித்துப் பார்த்தது.

"நான் போடுறப்போ நீ எனக்கு முன்னால உசந்து, கீழே இறங்குவேல்ல? அதைப் பார்த்துத்தான்டி விடுவேன்."