அவள் கணினியிலிருந்து மட்டும்

ஓஷ் நகர நிலப்பதிவு அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் அய்சூலூ. இயக்குநர் தோக்தோபெக் அவளைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, இனிமே அட்மின் கணக்குல உன் அறைக் கணினியிலேர்ந்து மட்டும்தான் நுழைய முடியணும். மத்ததையெல்லாம் அடைச்சிடு.”

“உங்களோடதையுமா, பைக்கே?” அண்ணன் என்ற மரியாதையில் அவரை அப்படித்தான் அழைப்பாள்.

“அதைத்தான் முதல்ல அடைக்கணும். நான் நம்புறது உன்னை மட்டும்தான்.”

அவளுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே அடைத்துவிட்டு, வீட்டில் பிலாவ் சோறு சமைத்துக் கொண்டாடினாள்.

மறுமாதம் போலீஸ் வந்தது. அனாதை இல்லத்து நிலம் முழுவதும் ஒரு வியாபாரி பெயருக்கு மாறியிருந்தது.

“அட்மின் கணக்குல மாத்தியிருக்காங்க. வேற கணினியிலேர்ந்து முடியுமா?” என்றார் அதிகாரி.

“முடியாது. ஆனா நான் செய்யலை! பாஸ்வேர்ட் பைக்கேக்கும் தெரியும்.”

“தெரிஞ்சு என்ன பிரயோஜனம், தங்கச்சி?” தோக்தோபெக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என் கணினியைத்தான் நீயே அடைச்சிட்டியே.”

விலங்கு மாட்டி அவளை அவள் அறையிலிருந்து வெளியே கூட்டிவந்தார்கள்.

“அறையைப் பூட்டணும். சாவி எங்கே?” என்றார் அதிகாரி.

இருப்பது ஒரே சாவி, அது தன் கைப்பையில் இருக்கிறது என்று சொல்ல அய்சூலூ வாயெடுத்தாள். அதற்குள் தோக்தோபெக் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கதவைப் பூட்டிவிட்டார்.

“அந்தச் சாவி! அவருக்கு எப்படி வந்துச்சுன்னு கேளுங்க!”

“எல்லாத்தையும் ஸ்டேஷன்ல வந்து சொல்லு,” என்று அதிகாரி அவளைப் படியில் தள்ளினார்.