சூட்டுத் திருட்டு

"வீட்டுக்குள்ள ஆள் இருக்கு, அண்ணே!"

அலுவலகத்திலிருந்து சைக்கிளை விரட்டி மிதித்து வந்த வீபே, கைபேசியைப் போலீஸ்காரர் ரீன்ட்ஸின் மூக்குக்கு நேரே நீட்டினான். "காலையில ஹீட்டரைப் பதினஞ்சு டிகிரில வச்சிட்டுப் போனேன். இப்பப் பாருங்க, இருபது!"

குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரோடு ஒரு சின்ன மின்னணுப் பெட்டியை வீபே தானே செய்து பொருத்தியிருந்தான். எங்கிருந்தாலும் கைபேசியிலேயே சூட்டைப் பார்க்கலாம், கூட்டலாம், குறைக்கலாம். அதனால் நிம்மதி போனதுதான் மிச்சம். பகலில் அவன் குறைக்கக் குறைக்க, யாரோ கூட்டிக்கொண்டே இருந்தார்கள்.

"ஏதாவது களவு போச்சா?"

"சூடு போகுதே, போதாதா?"

"சாயங்காலம் நீ வரும்போது வீடு கதகதன்னு இருக்குமா?"

"ஜில்லுன்னு இருக்கும். அதுலதான் கெட்டிக்காரத்தனம்! கிளம்பும்போது ஜன்னலைத் திறந்துவிட்டுத் தடயத்தை அழிச்சிடறாங்க."

"யாரு?"

வீபே குரலைத் தாழ்த்தினான். "எங்க வீட்டு மாத்துச் சாவி பக்கத்து வீட்டு சீட்ஸ்கே அக்காகிட்டதான் இருக்கு."

ரீன்ட்ஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கணவன் டௌவே இறந்தபின் தனியாக இருப்பவள். தேவாலயத்தில் பிரசங்கம் நீளும்போதெல்லாம் பெஞ்சு முழுவதற்கும் பெப்பர்மின்ட் நீட்டுபவள். அவளையா?

"அவங்களைச் சந்தேகப்பட எனக்கு மட்டும் ஆசையா? குளிர்ல கிடக்காங்களேன்னு இதே மாதிரி பெட்டி ஒண்ணு அவங்களுக்கும் செஞ்சு மாட்டிக் குடுத்தேன். அதுக்குக் கைமாறு இது!"

இருவரும் ஓசைப்படாமல் பின்கதவு வழியே வீபேயின் வீட்டுக்குள் நுழைந்தார்கள். கட்டிலுக்கு அடியில்கூடத் தேடினார்கள். ஈ காக்கை இல்லை. சுவரிலிருந்த வெப்பமானி பதினைந்து காட்டியது. கைபேசி இருபது காட்டியது.

குழம்பிப்போன வீபே கைபேசியைத் தட்டி எண்ணை இறக்கினான்.

அடுத்த நொடி பக்கத்துச் சுவருக்கு அப்பால் ஒரு குரல் வெடித்தது. "அட கஞ்சப்பிசினாறி! செத்தும் திருந்தலையா நீ?"

எண் மறுபடி இருபதுக்கு ஏறியது.

வீபேயின் முகம் வெளுத்தது. இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயரை வைத்துத் தொலைத்திருந்தான். இத்தனை நாளும் அவன் கைபேசி பேசியது சீட்ஸ்கே வீட்டுப் பெட்டியோடு.

"அப்போ அடுத்த வீட்டுக்குள்ள புகுந்த திருடன் நீதானய்யா!" என்றார் ரீன்ட்ஸ்.

மன்னிப்புக் கேட்கப் போனார்கள். வாயைத் திறக்கவிடாமல் சீட்ஸ்கே காபியை ஊற்றி, ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட் வைத்தாள். அவள் முகத்தில் புதுக்களை.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க தம்பிகளா. டௌவே வந்திருக்காரு! வாழ்ந்த காலமெல்லாம் நான் கூட்டுவேன், அந்த மனுஷன் குறைப்பாரு. இப்பவும் அதே சண்டை. கர்த்தர் நல்லவருப்பா. திட்டுறதுக்கு ஒரு ஆளை அனுப்பினாரு, எனக்கும் தொண்டையில சோறு இறங்குது."

இருவரும் அந்த ஒற்றை பிஸ்கட்டை வெகுநேரம் மென்றார்கள்.

அன்றே வீபே தன் பெட்டிக்கு வேறு பெயர் வைத்தான். அவளுடைய பெட்டியைத் தொடவில்லை. தினமும் மதியச் சாப்பாட்டு வேளையில், கைபேசி வழியாக அவள் வீட்டுக்குள் கள்ளத்தனமாகப் புகுந்து ஒரு டிகிரி குறைத்துவிட்டு வருகிறான்.

அவன் மறந்துபோகிற நாட்களில், போலீஸ்காரர் ரீன்ட்ஸே போன் செய்து நினைவூட்டுகிறார்.