ஃபேன் ஓடவில்லை

உங்கள் பேச்சை மாற்றி எழுதியவருக்கு நீங்கள் நன்றி சொன்னதுண்டா?

இங்கே நான் ராணுவ ட்ரோன்களைத் துடைக்கிறேன். நாங்கள் அறையில் பேசுவதையெல்லாம் சுவர் கேட்டு ராணுவத்துக்கு அனுப்பும். சாப்பிடும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டேன்: “தூசி பட்டா ட்ரோனுக்கு வழியே தெரியல.” அப்படிப் பேசினால் சிறை.

மதியம் கூப்பிட்டார்கள். தமிழ் தெரியாத அதிகாரி, என் பேச்சின் மொழிபெயர்ப்பை வாசித்தார்: ‘தூசி பட்டு அறை ஃபேன் ஓடவில்லை.’ மொழிபெயர்ப்பாளர் செவ்வந்தி தலை நிமிரவில்லை.

பஸ் நிறுத்தத்தில் அவரிடம், “ரொம்ப நன்றிம்மா” என்றேன்.

“ஃபேனைப் பாக்க வருவாங்கண்ணே.”

“அது நல்லாத்தானே ஓடுது?”

“அப்ப ஓடாம பண்ணுங்க. இல்லேன்னா ரெண்டு பேரும் உள்ள போவோம். சேந்தே களி திங்கலாம்.”

மறுநாள் காலை ஒருவர் வந்து, இரவில் நான் ஒயரை அறுத்துவிட்ட பழைய ஃபேனைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டிப் போனார்.