கடற்பக்கக் கோல்

வாகீசன் தண்டனை உதைக்காகப் பந்தை வைத்தபோது, பயிற்றுநர் குலசிங்கம் கண்களை மூடிக்கொண்டார். காதுகளை மூட மறந்துவிட்டார்.

"பாரும் குலசிங்கம், நீர் வளர்த்த பிள்ளை எந்தப் பக்கம் நிக்கிறான் எண்டு."

சொன்னவர் கழகத் தலைவர் இலட்சுமணன். அவர் கதிரையில் இருந்தார். குலசிங்கம் அதன் பின்னால் நின்றார். மண்கும்பான் வெண்சங்கு விளையாட்டுக் கழகத்தில் இருவருடைய நிலைமையும் அப்போது அப்படித்தான் இருந்தது.

வளர்த்த பிள்ளையாகிய தர்சன், எதிரணியின் கோலுக்குள் மஞ்சட் சட்டையோடு நின்றான். கழகத்தின் இளையோர் பயிலகம் உருவாக்கிய ஒரேயொரு உருப்படியான பந்துக்காப்பாளன் அவன். உருப்படியானவன் என்பது தெரிந்த மறுமாதமே யாழ்ப்பாணப் பட்டினத்துக் கழகமொன்று அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

"தீன் போடுறது நாங்கள். முட்டை பொறுக்கிறது பட்டினத்தார்," என்றார் தலைவர். இதை அவர் முதன்முறையாகச் சொல்லவில்லை.

ஆட்டம் ஒன்றுக்கொன்று என்ற சமநிலையில் கடைசி நிமிடத்துக்கு வந்திருந்தது. வென்றால் கழகம் இரண்டாம் பிரிவிலிருந்து முதற்பிரிவுக்கு ஏறும். ஏறாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பயிலகம் மூடப்படும். அதன்பிறகு குலசிங்கம் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் உதைபந்தாட்டம் பார்க்கலாம் என்று தலைவர் பெருந்தன்மையோடு கூறியிருந்தார்.

வாகீசன் பயிலகத்தில் வளர்ந்தவன் அல்லன். தலைவரே வவுனியாவுக்குப் போய்த் தேடிப்பிடித்து வந்த முன்கள வீரன். அவன் ஓடி வருவது மிக அழகாக இருக்கும். உதைப்பது அவ்வளவு இருக்காது.

அழகாக ஓடி வந்தான். உதைத்தான்.

கோலின் குழாய்க் கம்பம் கோயில் மணிபோல ஒலித்தது. குலசிங்கம் கண்களைத் திறந்தார்.

கம்பத்தில் பட்ட பந்து அதற்கு வெளியே விழுந்து, ஓர் அவசரமும் இல்லாமல் எல்லைக்கோட்டை நோக்கி உருண்டுகொண்டிருந்தது. கோட்டுக்கப்பால் கொஞ்சம் மணல். மணலுக்கப்பால் கடல்.

உதைத்த வேகத்தில் கோலுக்குக் கிட்டவே வந்துவிட்ட வாகீசன், முதுகைக் காட்டித் திரும்பிநின்று தலையில் கைவைத்தான்.

"முடிஞ்சுது," என்றார் தலைவர். அவர் சொன்னது ஆட்டத்தையா பயிலகத்தையா என்று குலசிங்கம் கேட்கவில்லை.

தர்சன் செய்யவேண்டியது எதுவும் மிச்சமிருக்கவில்லை. பந்தைத் தடுக்கப் பாய்ந்து விழுந்த இடத்தில் அப்படியே கிடந்தால் போதும். ஆட்டவிதிகள் ஒரு காப்பாளனிடம் அதற்குமேல் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

ஆனால் அவன் தலையைத் தூக்கிப் பந்தைப் பார்த்தான். பிறகு, பந்து போகும் திசையில், கடலைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு பீதி படர்ந்தது. குலசிங்கத்துக்கு நன்கு பழக்கமான பீதி.

"ஐயோ!" என்று கத்திக்கொண்டு எழுந்தான், ஓடினான், பாய்ந்தான். கோட்டின்மேல் பாதி ஏறிவிட்ட பந்தை இரண்டு கைகளாலும் ஓங்கி உள்ளே அடித்தான்.

அது வாகீசனுடைய முதுகில், ஒன்பதாம் இலக்கத்தின் நட்டநடுவே பட்டுத் திரும்பி, ஆளில்லாத கோலுக்குள் போய் அடங்கியது.

மத்தியஸ்தர் அதை மறுப்பதற்கு ஒரு காரணம் தேடினார். ஒன்றும் கிடைக்காமல் விசிலை ஊதினார்.

தன் முதுகில் அடித்தது யார் என்று விசாரித்துக்கொண்டிருந்த வாகீசனைச் சனம் தோளில் தூக்கிக்கொண்டு போயிற்று.

தர்சன் பதறியெழுந்து முதலில் கடலைப் பார்த்தான். அதில் பந்து இல்லை. வலைக்குள் பத்திரமாகக் கிடந்தது. நெஞ்சில் கைவைத்து நிம்மதியாக மூச்சுவிட்டான்.

தான் அணிந்திருப்பது எந்தக் கழகத்தின் சட்டை என்பது அதற்குப் பிறகுதான் அவன் நினைவுக்கு வந்தது.

தலைவர் கதிரையை விட்டு எழுந்திருந்தார். "விசரனே அவன்? வெளியாலை போற பந்தை என்னத்துக்கு மறிச்சவன்?"

"அது எங்கடை அக்கடமிப் பழக்கம், அண்ணை," என்றார் குலசிங்கம். "கோல் விட்டால் நான் ஒண்டும் சொல்லமாட்டன். பந்தைக் கடலுக்கை விட்டவன் நீந்திப்போய் எடுத்துக்கொண்டு வரவேணும். அவன் வருமட்டும் மற்றவைக்கும் விளையாட்டில்லை. தர்சனுக்கு நீந்தத் தெரியாது."

"ஏன், மற்றப் பந்தை எடுத்து விளையாடுறதுதானே?"

குலசிங்கம் அவரைப் பார்த்தார். மரியாதையாகத்தான் பார்த்தார். ஒவ்வொரு வருடக் கூட்டத்திலும் தாம் எழுந்து கேட்பதும், தலைவர் அடுத்த வருடம் பார்ப்போம் என்பதும் அந்த மற்றப் பந்தைப் பற்றித்தான்.

தலைவர் தொண்டையைச் செருமினார். முதற்பிரிவுக் கழகங்களெல்லாம் ஒவ்வொன்றாக இந்தக் கடற்கரைக்கு ஆடவரும் காட்சி அவர் கண்முன் விரிந்திருக்கவேண்டும்.

"அக்கடமி இருக்கட்டும். இனி எந்தக் கழகம் வந்து பெடியளைக் கேட்டாலும் குடும். கோல் காக்கிறவங்களைக் கட்டாயம் குடும்." சற்று நிறுத்தி, மனமிளகிச் சேர்த்துக்கொண்டார்: "ஞாயிற்றுக்கிழமையே உமக்கு ரெண்டாம் பந்து வாங்கித்தாறன்."

குலசிங்கம் கடற்பக்கக் கோலைப் பார்த்தார். பட்டினத்து வீரர்கள் எல்லாரும் சூழ்ந்துநின்று ஏச, தர்சன் பந்தை மார்போடு அணைத்தபடி நின்றான்.

"வேண்டாம் அண்ணை," என்றார். "ஒண்டே போதும்."