சும்மா இரு

மாமரக் கிளையில் ஓர் அம்மா அணில் தன் குட்டிக்கு அமைதியாக உட்காரக் கற்றுக்கொடுக்க ஆசைப்பட்டது.

“கண்ணை மூடிக்கோ, செல்லம். மூச்சு வர்றதையும் போறதையும் மட்டும் கவனி. கொஞ்ச நேரம் சும்மா இரு.”

குட்டி உதட்டைப் பிதுக்கியது. “நான் ஒண்ணுமே பண்ணலையே. ஏம்மா திட்டுறே?”

அம்மாவுக்குச் சுருக்கென்றது. குட்டி மாம்பிஞ்சைக் கடித்து எறிந்தபோதும், வாலைப் பிடித்து இழுத்தபோதும், “சும்மா இரு!” என்றுதான் அது அதட்டியிருந்தது. அம்மா கிளையிலேயே படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

“என்னம்மா பண்றே?”

“சும்மா இருக்கேன்.”

குட்டி ஓடிவந்து அம்மாவின் வயிற்றோடு ஒட்டிப் படுத்தது. மூச்சு மெல்ல ஏறி இறங்குவதையே அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து, அம்மாவின் கன்னத்தைத் தடவிக் கேட்டது:

“உன்னை யாரும்மா திட்டினது?”