திறக்காத படம்

“இந்த ஓட்டை லேப்டாப்பை வச்சுக்கிட்டு என்னத்துக்குக்கா ஃப்ளெக்ஸ் கடை நடத்துறீங்க?”

ரெங்கராஜ் கத்தியதில், கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டு ஓரம் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைக்காரி அடைக்கலமேரி அசரவில்லை.

“பொறுங்கண்ணே. வயசான உசுரு. மெதுவாத்தான் எந்திரிக்கும்.”

அந்த லேப்டாப்புக்கு இனிமேல் அப்டேட் கிடையாது என்று சாப்ட்வேர் கம்பெனிக்காரனே கைகழுவிவிட்டான். மேரி கழுவவில்லை. வைரஸ் வந்துவிடும் என்று நெட்டைப் பிடுங்கிவிட்டாள். பேட்டரி செத்துப்போனதால் வயர் எந்நேரமும் பிளக்கிலேயே கிடக்கும். சூடாகாமல் இருக்க அடியில் கேரம் காய்களை முட்டுக்கொடுத்து, பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேனும் வைத்திருந்தாள். வெயிலில் வந்து நிற்கிற மனுசனுக்கு அந்தக் கடையில் ஃபேன் கிடையாது.

“புதுசு ஒண்ணு வாங்க வேண்டியதுதானே?”

“புதுசுல என் பழைய டிசைன் சாப்ட்வேரும் ஓடாது, தமிழ் எழுத்தும் வராதுண்ணே. கட்டம் கட்டமா நிக்கும்.”

“கஞ்சத்தனத்துக்கு எம்புட்டு அழகா ஒரு காரணம்!” என்று சிரித்தார் குணசேகரன்.

குணசேகரன், ரெங்கராஜின் மச்சினன். நாளைக்கு மண்டபத்தில் ரெங்கராஜின் மகள் காவ்யாவுக்குச் சடங்கு. தாய்மாமன் என்ற முறையில் பேனர் அவர் பொறுப்பு.

“நடுவுல புள்ள படம், ஆளுயரத்துக்கு. பஸ்ஸை விட்டு எறங்குற சனம் மொதல்ல அதைத்தான் பாக்கணும்” என்றார்.

பைக்கில் சாய்ந்து நின்ற காவ்யா மெல்ல வாயைத் திறந்தாள். எட்டாவது படிக்கிற பிள்ளை.

“அப்பா, என் போட்டோ வேணாம்ப்பா. எங்க ஸ்கூல் பசங்க எல்லாம் இங்கிட்டுத்தான் பஸ் ஏறுவாங்க. பாத்துட்டு நெதமும் கிண்டல் பண்ணுவாங்க. பேரு மட்டும் போடுங்கப்பா.”

“சும்மா இரு. ஒனக்காகத்தானே இம்புட்டும்!”

“வெவரம் தெரியாத புள்ள மச்சான்” என்றார் மாமா.

“பெரியவங்க பேசயில நடுவுல பேசக் கூடாது. போயி நெழல்ல நில்லு” என்று மேரியும் தன் பங்குக்கு அதட்டினாள். யாபாரம் முக்கியம் இல்லையா?

காவ்யா தலை குனிந்தபடி நிழலுக்கு நகர்ந்தாள்.

ரெங்கராஜின் போனை வயரில் மாட்டி மேரி படங்களை ஏற்றினாள். திரையில் முதலில் குணசேகரன் திறந்தார். ரெங்கராஜ் திறந்தார். பங்காளிகள் வரிசையாகத் திறந்தார்கள். இன்னார் என்றே தெரியாத ஒருவர்கூடக் கூலிங் கிளாஸோடு திறந்தார்.

காவ்யா படத்துக்கு வந்ததும் லேப்டாப் அப்படியே நின்றுவிட்டது.

“என்னக்கா ஆச்சு?”

“தொங்கிருச்சுண்ணே.”

அணைத்துப் போட்டாள். அது எழுந்து உட்காருவதற்குள் எதிரே ரெண்டு பஸ் வந்து போனது. மறுபடியும் அதே படம். மறுபடியும் தொங்கல்.

“எங்க படமெல்லாம் தெறந்துச்சே?”

“அதெல்லாம் பழைய போட்டோண்ணே. ஒங்களுக்குத் தலையில முடி இருக்கயில எடுத்தது. பாப்பா படம் புதுப் போன்ல எடுத்திருக்கீங்க. இந்தக் கெழட்டு சாப்ட்வேருக்கு அது வெளங்காது.”

டீக்கடையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரெங்கராஜ் வேட்டியை மடித்துக் கட்டினார்.

“புள்ள சடங்குக்குப் புள்ள படம் இல்லாம பேனரா? பாக்குறவன் காறித் துப்ப மாட்டானா? குடுங்க போனை. வேற கடைக்குப் போறோம்.”

“போங்கண்ணே. நாளைக்கு முகூர்த்தம், எல்லாக் கடையிலயும் கூட்டம். சடங்கு முடிஞ்சு, எலை எடுக்குறதுக்குள்ள பேனர் கெடைச்சிரும்.”

ரெங்கராஜ் மச்சினனைப் பார்த்தார். மச்சினனோ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஆளுயரத்துக்கு ஓர் இடம் காலியாக இருந்தது.

“மச்சான், கோவப்படாதீங்க. எடம் சும்மாதானே கெடக்கு? தாய்மாமன் படத்தை அதுல பெருசாப் போட்டா என்ன?”

“அப்ப பெத்தவன் நான் எங்க போறது?”

“நீங்களும் வாங்க. நீங்க கும்புடுற மாதிரி, நான் கையை ஆட்டுற மாதிரி.”

அவ்வளவுதான், கோபம் போன இடம் தெரியவில்லை. இடம் பற்றாமல் விட்டுப்போன சித்தப்பா ஒருவரும் ஓரத்தில் ஏறிக்கொண்டார். அடியில், மூலையில், ‘செல்வி காவ்யா’ என்று பொடி எழுத்தில் ஒரு பெயர்.

“இப்பத்தான்க்கா பேனர் நெறைஞ்சாப்ல இருக்கு” என்று பூரித்துப்போனார் ரெங்கராஜ். காறித் துப்புகிறவனை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ரெண்டு பேரும் போய் டீக்கடையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகும் குணசேகரனுக்கு ஒரு குறை. காவ்யாவைக் கடைக்குத் திருப்பி அனுப்பினார்.

“அத்தை, மாமா மீசையை இன்னுங் கொஞ்சம் கருப்பாக்கச் சொன்னாங்க...”

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள்.

திரை முழுக்க அவள்தான். பட்டுச் சேலையும் தலை கொள்ளாத பூவுமாக, பளிச்சென்று இருந்தாள்.

மேரி ஒரு பொத்தானைத் தட்டினாள். ‘அழிக்கவா?’ என்று கேட்ட லேப்டாப், ‘ஆம்’ என்றதும் கண் இமைப்பதற்குள் அழித்துவிட்டது.

“தெறக்க மாட்டேங்குதுன்னீங்களே அத்தை?”

“நீ வேணாம்னு சொன்னது ஒங்க அப்பாவுக்குக் கேக்கல. இந்தக் கெழட்டு லேப்டாப்புக்குக் கேட்டுருச்சு ஆத்தா.”